சின்ன நாய்க்கு முழங்கால் மூட்டுவாதம், விட்டு விட்டு வரும் நொண்டல்: மருந்து, எடை, நடை பற்றி வழி சொல்லுங்கள்

தும்பை (கேள்வி)

சின்ன ரகக் கலப்பு நாய். பெண், கருத்தடை செய்தது, 9 வயது. எடை 7.4 கிலோ, 6 கிலோதான் இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். சில மாதங்களாக வலது பின்காலை நொண்டுகிறது. தூங்கி எழுந்தால் கால் விறைப்பாக இருக்கும், பத்துப் பதினைந்து அடி வைத்ததும் இளகிவிடும். இது தவிர, நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று அந்தக் காலை மடக்கித் தூக்கிக்கொண்டு மூன்று காலில் சில அடி தத்தும். பிறகு காலைப் பின்னால் ஒரு உதறு உதறிவிட்டு ஒன்றும் நடக்காதது போலப் போகும். நீண்ட நடைக்குப் பிறகு அன்று இரவு நொண்டல் அதிகம்.

எக்ஸ்ரேயில் இரண்டு முழங்கால்களிலும் மூட்டுவாதம் தெரிகிறது, வலதில் கூடுதல். வலது முழங்கால் சில்லு விலகல் இரண்டாம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். வலியும் வீக்கமும் குறைய மெலாக்சிகாம் திரவ மருந்து, ஒரு மி.லி.க்கு 1.5 மி.கி. உள்ளது, தினம் ஒரு வேளை. ரத்தப் பரிசோதனையில் கிட்னி, லிவர் சரியாக இருக்கிறது. மருந்து கொடுக்கும்வரை நன்றாக இருக்கிறது, நிறுத்தினால் சில நாளில் திரும்புகிறது.

இந்த மருந்தை மாதக் கணக்கில் கொடுக்கலாமா? மருந்து தீர்ந்த நாளில் வீட்டில் இருக்கும் மனிதர்களின் வலி மாத்திரையைக் கால்வாசி உடைத்துக் கொடுத்தால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். மீன் எண்ணெய், மூட்டுக்கென்று விற்கும் சத்துப்பொருளான குளுக்கோசமைன் பயன்படுமா? இப்போது தினமும் மாலையில் ஒரே நடையாக 40 நிமிடம் கூட்டிப் போகிறோம், அதைக் குறைக்க வேண்டுமா, அடியோடு நிறுத்த வேண்டுமா? வீட்டில் முழுக்க வழவழப்பான டைல்ஸ் தரை, சோபாவில் ஏறி இறங்கும் பழக்கமும் உண்டு.

நாணல்

மருந்துக்குப் போகும் முன் ஒன்று. நீங்கள் எழுதியிருப்பது ஒரு நொண்டல் அல்ல, இரண்டு. இரண்டுக்கும் காரணம் வேறு, கவனிக்கும் முறையும் வேறு.

எழுந்ததும் விறைப்பு, நடக்க நடக்க இளகுவது, அதிகம் நடந்தால் பிறகு கூடுவது: இது மூட்டுவாதம். நடுவழியில் தத்திவிட்டு, காலை உதறி, உடனே சரியாவது: இது முழங்கால் சில்லு அதன் பள்ளத்திலிருந்து நழுவித் திரும்பப் பள்ளத்தில் விழுவது. சின்ன ரகங்களில் பெரும்பாலும் உட்புறமாக நழுவும். காலைப் பின்னால் நீட்டினால் சில்லு தன் இடத்துக்கு வந்துவிடும், அதற்காகத்தான் அந்த உதறல். மருந்து முதலாவதைக் குறைக்கும். இரண்டாவதைப் பெரிதாக மாற்றாது, ஏனென்றால் அது வலியால் மட்டும் வருவதில்லை, எலும்பின் அமைப்பால் வருவது. அதனால் "மருந்து கொடுத்தும் தத்துகிறதே" என்று அளவைக் கூட்டிவிட வேண்டாம்.

மூன்றாவதாக ஒன்று வந்து சேரக்கூடும், அதை விட்டுவிடக் கூடாது. சில்லு விலகல் பல வருடம் இருக்கும் நாய்களுக்கு நடு வயதுக்கு மேல் குருசியேட் லிகமென்ட் (முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ் எலும்பையும் பிணைக்கும் நார்) கிழிவது அரிதல்ல. தத்துவது நின்று, எப்போதுமே நொண்டுவதாக மாறினாலோ, நிற்கும்போது பாதத்தின் நுனி மட்டும் தரையில் பட்டாலோ, உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி உட்கார்ந்தாலோ திரும்பக் காட்டுங்கள். கையாலும் தெரிந்துகொள்ளலாம். நாய் நிற்கும்போது பின்னாலிருந்து இரண்டு முழங்கால்களையும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். சில்லுக்குக் கீழே கயிறு மாதிரி ஒரு தசைநார் இறங்கும். நல்ல காலில் அதன் இரு விளிம்பும் விரலுக்குத் தெளிவாகப் படும். மூட்டுக்குள் நீர் கோத்திருந்தால் விளிம்பு மழுங்கி, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்றே தெரியாது. முழங்காலின் உட்பக்கம் கெட்டியாகத் தடித்திருந்தால் அது பழைய கிழிசலின் அடையாளம். இதை உறுதிசெய்ய டாக்டர் தொடை எலும்பைப் பிடித்துக்கொண்டு கீழ் எலும்பை முன்னால் தள்ளிப் பார்ப்பார். நாய் சதையை இறுக்கிக்கொண்டால் தெரியாது. மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க முடியும்.

எக்ஸ்ரேயைப் பார்த்து மனம் தளர வேண்டாம், நிம்மதியும் அடைய வேண்டாம். படத்தில் தெரியும் தேய்மானத்துக்கும் நாய் படும் வலிக்கும் நேர்த் தொடர்பு குறைவு. படம் மோசமாக இருந்து நன்றாக நடக்கும் நாய்கள் உண்டு, மறுபக்கமும் உண்டு. நடையைத்தான் பார்க்க வேண்டும். போனை நாயின் முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, சறுக்காத தரையில், நேர்கோட்டில் மெதுவாக நடக்கவைத்து, பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் ஸ்லோமோஷனில் எடுங்கள். பின்காலில் வலி என்றால் அந்தப் பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். முன்காலில் வலி என்றால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் எடுத்து வைத்தால் டாக்டருக்கு நீங்கள் வாயால் சொல்வதைவிட அது உதவும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் பயத்தில் நொண்டலை மறைத்துவிடும் நாய்கள் ஏராளம்.

நகங்களையும் பாருங்கள். பாரம் வைக்காத காலின் நகம் தேயாமல் நீண்டிருக்கும். நகத்தின் மேற்பரப்பு உரசித் தேய்ந்திருந்தால் காலை இழுத்து வைக்கிறது என்று பொருள். அப்போது பிரச்சினை மூட்டில் இல்லாமல் முதுகுத்தண்டு டிஸ்க்கிலும் நரம்பிலும் இருக்கலாம். பாதத்தின் மேல்பக்கம் தரையில் படும்படி மெல்ல மடக்கி வையுங்கள்; சட்டென்று திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். அப்படியே மடிந்த பாதத்தில் நின்றால் அன்றைக்கே காட்ட வேண்டும். பின்கால்கள் இழுபட்டால், சிறுநீர் போக முடியாமலோ தானாக ஒழுகினாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

நொண்டல் இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று மாறி, கூடவே காய்ச்சலோ சோர்வோ இருந்தால் உண்ணிக் காய்ச்சலையும், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் வகை மூட்டுவாதத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஆசனவாயில் அளந்தால் நாயின் இயல்பான வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். தொட்டுப் பார்த்துச் சொல்வது கணக்கில் வராது.

கார்முகில்

மருந்துப் பகுதியை நான் எழுதுகிறேன். முதலில் அந்தக் கால்வாசி மாத்திரை விஷயம்: வேண்டாம், ஒரு நாளும் வேண்டாம். 7.4 கிலோ உடம்புக்குக் கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும்.

மெலாக்சிகாம் தொடர் அளவு கிலோவுக்கு 0.1 மி.கி. முதல் நாள் மட்டும் 0.2. உங்கள் நாய்க்குத் தினம் 0.74 மி.கி. மனிதர்களுக்கான 15 மி.கி. மாத்திரை அதைப் போல் இருபது மடங்கு. கால்வாசியே ஐந்து மடங்கு. ஐபுப்ரோஃபென் 400 மி.கி. மாத்திரை முழுசாக உள்ளே போனால் கிலோவுக்கு 54 மி.கி. ஆகிறது. வயிற்றில் புண் வரப் போதுமான அளவு அது, இன்னும் ஏறினால் கிட்னி. நாப்ராக்சன் நாயின் உடம்பைவிட்டுப் போக நாள் கணக்காகும், அதனால் அதன் விஷம் இன்னும் கடுமை. டைக்ளோஃபெனாக்கும் அதே ரகம்தான். பாரசிட்டமாலை டாக்டர்கள் சில நாய்களுக்குக் கிலோவுக்கு 10 மி.கி. அளவில் எழுதுவதுண்டு. 500 மி.கி. மாத்திரை உங்கள் நாய்க்குக் கிலோவுக்கு 68 மி.கி. ஆகிவிடும், லிவருக்கு ஆபத்து. இனிப்புச் சேர்த்த மனிதத் திரவ மருந்துகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்குச் சர்க்கரை அளவு சரிந்து உயிருக்கே ஆபத்து. இதற்கெல்லாம் மேலாக, மெலாக்சிகாம் ரத்தத்தில் இருக்கும்போதே வீக்கம் குறைக்கும் இன்னொரு வலி மாத்திரையைக் கொடுத்தால் இரண்டின் கெடுதலும் கூடிவிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற டாக்டர்களே 5 முதல் 7 நாள் இடைவெளி விடுவார்கள். ஸ்டீராய்டோடு எந்தக் காரணத்துக்கும் சேர்க்கக் கூடாது. மருந்து தீர்ந்துவிட்டால் அந்த ஒரு நாள் கொடுக்காமல் விடுவது எவ்வளவோ மேல்.

அடுத்தது, உங்கள் கையில் இருக்கும் மருந்தின் அடர்த்தி. 1.5 மி.கி. குப்பியில் உங்கள் நாய்க்கு 0.49 மி.லி. இதே மருந்து 0.5 மி.கி. அடர்த்தியிலும் விற்கிறது, அதில் 1.48 மி.லி. ஆகும். அடுத்த முறை வேறு குப்பி வாங்கி, பழைய பழக்கத்தில் அளந்தால் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். நேர்மாறாக நடந்தால் மூன்று மடங்கு போய்விடும். சில கம்பெனிகள் கூடவே தரும் சிரிஞ்சில் மி.லி.க்குப் பதில் கிலோக் கோடுகள் இருக்கும். அந்தச் சிரிஞ்ச் அந்தக் குப்பிக்கு மட்டும்தான். ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 0.01 மி.லி. வரை கோடு இருக்கும். மருந்து அடியில் படியும் வகை என்பதால் ஒவ்வொரு முறையும் குப்பியை மெதுவாக ஆட்ட வேண்டும். ஆட்டாமல் கொடுத்தால் மேல்பாதி வெறும் நீர் மாதிரி போய்விடும், அடிப்பாதியில் மருந்து திரண்டிருக்கும். "மாதத் தொடக்கத்தில் கேட்கவில்லை, கடைசியில் வாந்தி" என்று வரும் புகார்களில் சிலவற்றுக்கு இதுவே காரணம்.

மாதக் கணக்கில் கொடுக்கலாம். பல நாய்கள் வருடக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. நிபந்தனைகள் இவை: வயிறு நிறைந்த பிறகே கொடுக்க வேண்டும். தொடங்கிய 2 முதல் 4 வாரத்தில் கிட்னி, லிவர் ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. சாப்பிடாத நாள், வாந்தி, பேதி, நீர்ச்சத்து வற்றிய நாள் என்றால் அன்றைக்கு மருந்து கிடையாது. ஒரு வேளை தவறினால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. தார் மாதிரி கறுத்த மலம், ஈறோ கண்ணோ மஞ்சளாவது, வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடிப்பது, இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள். வலி அடங்கியதும் டாக்டரிடம் கேட்டு, பலன் நிற்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிக்கொண்டு வரலாம். எடை குறையக் குறைய அளவும் குறையும். 6 கிலோவில் 0.4 மி.லி.தான்.

வயதான சின்ன நாய்களுக்கு இதய வால்வு நோய் சகஜம். அதற்குச் சிறுநீர் கூட்டும் மருந்தும் எனலாப்ரில், பெனாசெப்ரில் வகை மருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தால் மெலாக்சிகாமோடு சேர்ந்து கிட்னிக்குச் சுமை கூடும். இரண்டையும் வேறு வேறு டாக்டர்கள் எழுதினால் ஒருவருக்கொருவர் தெரியாமலே போகும். மருந்துப் பட்டியலை எழுதிக் கையில் எடுத்துப் போங்கள்.

மெலாக்சிகாம் ஒத்துக்கொள்ளாவிட்டால் வழி அடைபட்டுவிடவில்லை. கிராபிப்ரான்ட் வயிற்றுக்குக் கொஞ்சம் மென்மை, கிலோவுக்கு 2 மி.கி., தினம் ஒருமுறை. காபாபென்டின் நரம்பு வலி கலந்திருந்தால் கை கொடுக்கும், ஆனால் முதல் சில நாள் தள்ளாட்டமும் தூக்கமும் வரும். தள்ளாடும் நாளில் படிக்கட்டுப் பக்கம் விடாதீர்கள். நாள்பட்ட வலியால் நரம்பே அதிகம் உணர ஆரம்பித்துவிட்ட நாய்களுக்கு அமான்டடினைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். மூட்டுவாத வலிக்கு மாதம் ஒருமுறை போடும் பெடின்வெட்மாப் ஊசி ஐரோப்பாவில் 2020-லும் அமெரிக்காவில் 2023-லும் அனுமதி பெற்றது. பலருக்கு நல்ல பலன். ஆனால் 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தள்ளாட்டம், வலிப்பு போன்ற பக்கவிளைவுகள் பதிவானதைக் கால்நடை மருத்துவர்களுக்கு எழுதியது. வலிப்பு நோயோ நரம்புக் கோளாறோ உள்ள நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தும்பை

கையால் தொட்டுப் பார்த்தேன். இரண்டு முழங்காலிலும் அந்த விளிம்பு தெரிகிறது, பாதத்தை மடக்கி வைத்தால் உடனே திருப்பிவிடுகிறது. மருந்துக் கணக்கைக் குறித்துக்கொண்டேன். எடைதான் புரியவில்லை. உணவு கம்மியாகத்தான் போடுகிறோம், ஒரு கப் உலர் உணவு, அவ்வளவே. இருந்தும் இறங்கவில்லை.

வாகை

கப்பில்தான் சிக்கல். கப்பில் குவிப்பது, தட்டுவது, தலை தட்டி எடுப்பது, கைக்குக் கை மாறும். பெரிய நாய்க்குப் பத்து கிராம் கூடினால் பெரிதில்லை, 6 கிலோ நாய்க்கு அது அன்றைய உணவில் ஏழில் ஒரு பங்கு. சமையலறைத் தராசில் கிராமில் நிறுங்கள்.

கணக்கு இப்படி. இலக்கு எடையை எடுத்துக்கொள்ள வேண்டும், இப்போதைய எடையை அல்ல. 6-ஐ 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால் சுமார் 268 கலோரி. இது ஒரு நாள் முழுக்க. இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 27 கலோரி, தின்பண்டம், மருந்து மறைத்துத் தரும் துண்டு, பயிற்சிக்கான பரிசு எல்லாம் சேர்த்து. மிச்சம் 241. உங்கள் உலர் உணவுப் பையின் பின்னால் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று இருக்கும். 360 என்றால் ஒரு நாளைக்கு 67 கிராம். காலையிலேயே நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். வீட்டில் யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது. சின்ன நாயின் உணவுத் திட்டம் கெடுவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கையால்.

சாதாரண உணவையே பாதியாக வெட்டிவிடக் கூடாது. கலோரியோடு புரதமும் சத்துகளும் சேர்ந்து குறைந்துவிடும், கொழுப்புக்குப் பதில் தொடைச் சதை கரையும். மூட்டைத் தாங்கிப் பிடிப்பதே அந்தச் சதைதான். 20 சதவீதத்துக்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் எடை குறைப்புக்கென்று தயாரிக்கும், புரதம் கூடுதலான உணவுக்கு ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள்.

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் இறங்கினால் சரி. உங்கள் நாய்க்கு அது 75 முதல் 150 கிராம். வீட்டுக் குளியலறைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று கழிக்கும் முறை இந்த அளவைக் காட்டாது. கைக்குழந்தைத் தராசோ ஆஸ்பத்திரித் தராசோ வேண்டும், எப்போதும் ஒரே தராசு, சாப்பாட்டுக்கு முன். இரண்டு வாரம் அசையவே இல்லை என்றால் 5 முதல் 10 சதவீதம் உணவைக் குறையுங்கள். வாரம் 2 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் கூட்டுங்கள். மொத்தம் 1.4 கிலோ இறங்க மூன்றிலிருந்து ஐந்து மாதம் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் நல்ல செய்தி. பருமனான, மூட்டுவாதம் உள்ள நாய்களை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில் உடல் எடையில் 6 சதவீதம் குறைந்ததுமே நொண்டல் கண்கூடாகக் குறைந்தது. உங்கள் நாய்க்கு அது சுமார் 450 கிராம். எடை மூட்டை அழுத்துவது மட்டுமல்ல விஷயம். கொழுப்புத் திசு தானே வீக்கத்தைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது.

48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் நடுநிலை ஆயுள் 13 வருடம், மற்றவை 11.2. மூட்டுவாதத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குப் பிந்தித்தான். எல்லா மாத்திரைகளுக்கும் முன்னால் நான் வைப்பது இதைத்தான்.

மீன் எண்ணெய் நல்லது, ஆனால் அளவு புரிந்து கொடுக்க வேண்டும். குப்பியில் "1000 மி.கி. மீன் எண்ணெய்" என்று எழுதியிருக்கும், நமக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் இபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள். சாதாரண கேப்ஸ்யூலில் இபிஏ 180, டிஎச்ஏ 120, மொத்தம் 300 மி.கி.தான். ஒன்றில் தொடங்கி, மலம் இளகாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒன்று கூட்டி, டாக்டர் சம்மதித்தால் மூன்று வரை போகலாம். ஆனால் ஒரு கேப்ஸ்யூல் 9 கலோரி. மூன்று என்றால் 27, அதாவது தின்பண்டப் பங்கு முழுக்கவும் போய்விடும். அடர்த்தி கூடிய எண்ணெய் வாங்கினால் அதே 900 மி.கி. பாதிக் கலோரியில் கிடைக்கும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம். காட் மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள்: அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், சேர்ந்துகொண்டே போகும், வேண்டாம். முன்பு கணைய அழற்சி வந்த நாய்க்கு எந்த எண்ணெயும் டாக்டரைக் கேட்காமல் கூடாது.

குளுக்கோசமைனுக்கு ஆதாரம் பலவீனம். கெடுதல் செய்யாது, அதற்காகச் செலவிடும் பணத்தை நல்ல உணவுக்கும் தரை விரிப்புக்கும் போடுவது மேல் என்பேன்.

குறிஞ்சி

வாகை சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். குளுக்கோசமைன் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் எட்டு வாரம் முடித்து, நிறுத்தி, வீடியோவை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். ஒரே வாரத்தில் மூன்று புதுப் பொருள்களைத் தொடங்குவதுதான் தவறு, எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

இனி நடை. நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் தொடைச் சதை வற்றும். சில்லைப் பள்ளத்தில் பிடித்து வைப்பதே முன் தொடைச் சதைதான். ஆனால் ஒரே மூச்சில் 40 நிமிடம் இந்த முழங்காலுக்கு அதிகம். 8 முதல் 10 நிமிடமாக மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். எல்லா நாளும் ஒரே அளவு. வாரம் முழுக்க வீட்டில் வைத்துவிட்டு விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூட்டிப் போவதுதான் வலியைக் கிளப்பிவிடும் வழக்கமான காரணம். அன்று இரவோ மறுநாள் காலையோ விறைப்பு வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் நேற்றைய அளவு அதிகம். இரண்டு நாள் சிறுநீர் போகமட்டும் வெளியே விட்டு, பிறகு பாதி நேரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு வாரம் தொல்லை இல்லை என்றால் ஒவ்வொரு நடையிலும் ஒரு நிமிடம் கூட்டலாம்.

நேரத்தைவிட வேகம் முக்கியம். நாம் சாதாரணமாக நடக்கும் வேகம் சின்ன நாய்க்கு ஓட்டம். ஓட்டத்தில் வலிக்கும் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் சமாளித்துவிடும், அந்தக் காலுக்கு வேலையே இருக்காது. நாலு பாதமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் படுவதை நீங்கள் எண்ண முடிகிற அளவுக்கு மெதுவாகப் போக வேண்டும். கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் போடுங்கள். பந்து எறிவது, திடீர்த் திருப்பம், கயிறு இழுக்கும் விளையாட்டு எல்லாம் முழங்காலை முறுக்கும். அவற்றுக்குப் பதில் உணவைப் புல்லில் தூவி மோந்து தேட விடுங்கள், மூளைக்கும் வேலை கிடைக்கும்.

வீட்டில் செய்யும் பயிற்சிகளில் முதன்மையானது உட்கார்ந்து எழுவது. சறுக்காத விரிப்பில், வலது பக்கம் சுவரை ஒட்டி நிற்கவைத்தால் அந்தக் காலை வெளியே நீட்டிக் கள்ளமாக உட்கார முடியாது. உட்காரச் சொல்லி, உணவுத் துணுக்கை மூக்கிலிருந்து முன்னும் மேலுமாக இழுத்து எழவையுங்கள். முன்கால்களை நகர்த்தாமல் பின்கால் இரண்டையும் சமமாக உந்தி எழ வேண்டும். 5 முறை, தினம் இரண்டு வேளை. இரண்டு வாரத்துக்குப் பிறகு 8, 10. முழுக்க மடங்கும்போது சில்லு நழுவினால் பின்புறத்துக்குக் கீழே 5 செ.மீ. கெட்டி மெத்தை வைத்து உயரத்தில் உட்காரவையுங்கள். அடுத்தது நிற்கும்போது இடது பின்பாதத்தைத் தரையிலிருந்து லேசாக எடுத்து 5 விநாடி பிடிப்பது. பாரம் வலதுக்குப் போகும். 5 முறை போதும். மூன்றாவது, தரையில் நாலைந்து குச்சிகள், நாயின் தோள் உயரம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளியில், முதலில் தரையோடு, பிறகு 2, 3 செ.மீ. உயர்த்தி, மெதுவாகத் தாண்டி நடக்கவைப்பது. தாவினால் உயரம் அதிகம். இந்தத் துணுக்குகளும் வாகை சொன்ன 27 கலோரிக்குள்தான். அன்றைய 67 கிராம் உணவிலிருந்தே எடுத்துக்கொள்வது இன்னும் எளிது.

நீருக்கடியில் நடக்கும் டிரெட்மில் கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீர் இடுப்பு உயரத்துக்கு இருந்தால் நாயின் பாரத்தில் 38 சதவீதம் அளவுதான் கால்களில் விழும், முழங்கால் உயரத்தில் 85 சதவீதம். தண்ணீர் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள், பலன் அதைப் பொறுத்ததுதான். நீச்சல் அடிக்கும் சில நாய்கள் முன்காலை மட்டும் அடித்துப் பின்காலைத் தொங்கவிடும், அப்போது பயனில்லை.

தரை. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், வாசல் வரை அது தினமும் போகும் பாதை முழுக்க ஒட்டுப்பிடி அடிப்பாகம் கொண்ட விரிப்புகளை இடைவெளி விடாமல் போடுங்கள். இடையில் ஒரு முழம் டைல்ஸ் விட்டால் அங்கேதான் சறுக்கும். பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்: பாதத்தின் அடியிலுள்ள மெத்தைகளுக்கு நடுவே முடி வளர்ந்து மெத்தையை மூடியிருந்தால் என்ன விரிப்பு போட்டும் வழுக்கும். மழுங்கிய நுனிக் கத்தரியால் மெத்தையின் மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். நிற்கும்போது நகம் தரையைத் தொடக் கூடாது. டைல்ஸில் டக் டக் என்று கேட்டால் நீளம் அதிகம்.

சோபாவுக்கு ரேம்ப் (சாய்வுப் பலகை) வையுங்கள். 45 செ.மீ. உயரத்துக்கு 1.2 மீட்டர் பலகை 22 டிகிரி சரிவு, 1.5 மீட்டர் என்றால் 17 டிகிரிக்குச் சற்றுமேல். இந்த முழங்காலுக்கு நீளமானதையே தேர்ந்தெடுப்பேன். மேலே சறுக்காத துணி, பலகை ஆடவே கூடாது. ஒருமுறை ஆடிவிட்டால் பிறகு ஏறாது. கற்றுக்கொள்ளும்வரை சோபாவின் மற்ற பக்கங்களை மெத்தையால் அடையுங்கள். ஏறுவதைவிடக் குதித்து இறங்குவதுதான் அதிகம் அடிபடவைக்கும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, ஒரு கை பின்புறத்துக்குக் கீழே, முதுகு தரைக்கு இணையாக. அக்குளில் பிடித்துத் தூக்கினால் பின்கால் தொங்கி முழங்கால் இழுபடும்.

கார்முகில்

ஒத்தடம் பற்றி யாரும் சொல்லவில்லை. நாள்பட்ட விறைப்புக்குச் சூடு: வெதுவெதுப்பான துணி, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துச் சுடாத அளவு, நடைக்கு முன் 10 நிமிடம். கால் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் முதல் இரண்டு மூன்று நாள் சூடு கூடாது. துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் 10 நிமிடம். நாய் காலை இழுத்துக்கொண்டால் வற்புறுத்தாதீர்கள்.

இரண்டாம் நிலை சில்லு விலகலுக்கு எப்போதும் ஆபரேஷன் வேண்டியதில்லை. ஆனால் எடை குறைந்து, மருந்தும் பயிற்சியும் சரியாக நடந்தும் தத்துவது அடிக்கடி வந்தாலோ, வலது தொடை இடதைவிடச் சுருங்கிக்கொண்டே போனாலோ எலும்பு அறுவை மருத்துவரிடம் ஒரு கருத்துக் கேளுங்கள். தொடைச் சுற்றளவை நாய் நிற்கும்போது, இடுப்பு மடிப்புக்குக் கீழே ஒரே இடத்தில், ஒரே ஆள், தையல் டேப்பை இழுக்காமல் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள்.

தும்பை

டப்பா முறையும் பிரித்த நடையும் இன்றிலிருந்தே. 1 மி.லி. சிரிஞ்ச் வாங்கியாயிற்று. ஒரு சந்தேகம்: இப்போதைய அளவு 0.49-ஐ எடை இறங்க இறங்க நானே குறைத்துக்கொள்ளலாமா?

கார்முகில்

ஒவ்வொரு அரைக் கிலோ இறங்கும்போதும் எடையைச் சொல்லி டாக்டரிடம் புது அளவைக் கேட்டு வாங்குங்கள். 6.9 கிலோவில் கணக்கு 0.46 மி.லி. வரும். அந்தச் சமயத்தில் நொண்டலும் குறைந்திருந்தால் அவர் இன்னும் இறக்கிச் சொல்லலாம், அதற்கு உங்கள் வீடியோவைக் காட்டுங்கள். குப்பியின் மேல் தேதியோடு புது அளவை எழுதி ஒட்டுங்கள், பழைய ஒட்டைக் கிழித்துவிடுங்கள்.